அவள் வீட்டில் ஒன்றுமே இல்லை

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஆட்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்கு நட்டிருந்த சவுக்குக் கம்புகளை இரண்டு பையன்கள் ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். நான் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கும்போது அவளுடைய அம்மா பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, அவ கையால வரஞ்சது ஏதாவது உங்ககிட்ட இருந்தா ஒண்ணு குடுங்களேன். வீடு முழுக்கத் தேடிப் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல."

எனக்கு முதலில் புரியவில்லை. பத்து வருஷம் ஓயாமல் வரைந்த பெண்ணின் வீட்டில் படமா இல்லாமல் போகும்? உள்ளே கூட்டிப்போய்த் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். நுனி விறைத்துப்போன பிரஷ்கள், அடியில் காய்ந்து ஒட்டிக்கொண்ட போஸ்டர் கலர் புட்டிகள், கத்தியால் சீவிச் சீவி விரல் நீளத்துக்கு வந்துவிட்ட பென்சில்கள், ஆரி ஊசி இரண்டு, ஒரு டப்பா நிறைய ஜமிக்கி. படம் என்று ஒரு தாள்கூட இல்லை. பெட்டியின் அடியில் விரித்திருந்த செய்தித்தாளையும் தூக்கிக் காட்டினார், அங்கேயும் இல்லை என்று நான் நம்பவேண்டும் என்பதுபோல.

கடலூருக்குத் தெற்கே கடலோர ஊர் ஒன்றின் அரசு மேல்நிலைப் பள்ளியில் நான் ஆங்கிலம் நடத்துகிறேன். 2012-ல் பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தபோது ஓவியத்துக்கு வந்தவள் அவள். வயது இருபத்து நான்கு. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி விடியற்காலையில் அடித்த தானே புயல் எங்கள் பக்கத்து முந்திரியையும் பலாவையும் சவுக்கையும் படுக்க வைத்துவிட்டுப் போயிருந்த வருஷம் அது. பள்ளிச் சுற்றுச்சுவர் ஒரு பக்கம் விழுந்து கிடந்தது. மைதானத்தில் நிழல் என்று எதுவும் இல்லை. வந்த முதல் வாரமே, நின்றுகொண்டிருந்த சுவரில் விழுந்த மரங்களை ஒவ்வொன்றாக வரைந்தாள். புங்கை, பூவரசு, வேம்பு. இந்த இடத்தில் இந்த மரம் இருந்ததா என்று பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தாள். அந்தச் சுவருக்கு அப்புறம் இரண்டு முறை வெள்ளையடித்துவிட்டார்கள்.

வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை. ஆரம்பத்தில் மாதம் 5,000 ரூபாய். அப்போது மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. மற்ற நாளெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ரவிக்கைக்கு ஆரி வேலை செய்து கொடுப்பாள். இதற்கு நடுவில்தான் அத்தனையும். சத்துணவுக் கூடத்து அம்மாவுக்குப் பனையோலை விசிறியில் பூ வரைந்து கொடுத்தாள். பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்குக் காசு வாங்காமல் பலகை எழுதினாள். பிறந்தநாள் என்று சொல்லும் பிள்ளைக்கு அன்றைக்கே ஒரு அட்டை. அதில் பொம்மை, பூ எல்லாம் இருக்காது, அந்தப் பிள்ளையின் முகம்தான் இருக்கும். ஆறாம் வகுப்பில் முதல் நாள் அழுதுகொண்டு நிற்கும் குழந்தைகளுக்குத் துணிப் பொம்மை.

எங்களுக்கும் செய்தாள். இதை நான் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் எல்லாருடைய சார்ட்டும் அவள் கையில்தான் போய் விழும். இருதயம், வால்வு, சிறுநீரகம், சோழர் காலத்து வரைபடம், எல்லாம் அவள். என் மகளுடைய அறிவியல் ரெக்கார்டு நோட்டில் பாதிப் படம் அவள் போட்டது. கேட்டால் முகம் சுளிக்கமாட்டாள். "குடுங்க டீச்சர், ராத்திரி போட்டுடறேன்" என்பாள். அந்த ராத்திரி எங்கிருந்து வந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

2022 ஆனி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. தலை வலிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் ரத்தக்கசிவு என்றார்கள். முப்பத்து நான்கு வயது. முந்தைய வெள்ளிக்கிழமை பள்ளி வாசலில் நின்று, என் புடவைத் தலைப்பில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்து எடுத்துவிட்டுப் போனாள். கடைசியாக அவள் எனக்குச் செய்தது அதுதான்.

சாவு வீட்டில் சொல்வார்களே, நல்லவர்களைத்தான் ஆண்டவன் சீக்கிரம் கூப்பிட்டுக்கொள்கிறான் என்று. எனக்கு அந்தச் சொல் ஆகாது. மிச்சமிருக்கும் நாமெல்லாம் யார் என்று கேட்கத் தோன்றும். கொடுத்துவைத்தது அவ்வளவுதான் என்றும் சொன்னார்கள். அந்தச் சொல்லை மட்டும் நான் வெகுநாள் மனத்தில் உருட்டிக்கொண்டிருந்தேன். அவள் கொடுத்தாள். ஊர் முழுக்கக் கொடுத்தாள். தனக்கென்று ஒன்றும் வைத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கும் வைக்கவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் தோரு தத் எழுதிய சவுக்கு மரப் பாட்டு இருக்கிறது. 2019-ல் புதிய புத்தகம் வந்தபோது பிள்ளைகளுக்கு அதை எப்படிப் புரியவைப்பது என்று திணறினேன். சவுக்கு எங்களுக்குப் புதிதில்லை. ஊரைச் சுற்றி எங்கும் சவுக்குத் தோப்புதான். ஆனால் அது எங்களுக்குப் பயிர். நட்டு நான்கைந்து வருஷத்தில் வெட்டிச் சாரத்துக்கும் பந்தலுக்கும் காகித ஆலைக்கும் அனுப்பிவிடுவார்கள். தோருவின் மரமோ கல்கத்தாவை ஒட்டிய பாக்மாரித் தோட்டவீட்டில் வெகுகாலம் நின்ற பெரிய மரம். அதன் அடிமரத்தை மலைப்பாம்புபோல ஒரு கொடி சுற்றி ஏறி உச்சிவரை பூத்திருக்கும். உச்சியில் ஒரு குரங்கு அசையாமல் உட்கார்ந்து சூரியன் வருவதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

"இப்பிடி ஒரு மரம் வேணும்மா" என்று அவளிடம் சொன்னேன். ரெண்டே நாளில் சார்ட் வந்தது. சவுக்கின் ஊசியிலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வரைந்திருந்தாள். நாம் இலை என்று நினைக்கும் அந்தப் பச்சை ஊசி உண்மையில் ஒரு குச்சி. கணுக்கணுவாக இருக்கும். ஒவ்வொரு கணுவிலும் பல்வரிசைபோல நுணுக்கமாகச் சுற்றி நிற்பதுதான் இலை. சின்ன வயதில் ஒரு கணுவில் இழுத்துப் பிரித்து, திரும்பச் செருகி, எங்கே உடைந்தது சொல்லு என்று விளையாடியிருக்கிறோம். அந்தக் கணுக்களைச் சார்ட்டில் ஒரு கிளைக்கு மட்டும் பெரிதாக்கிக் காட்டியிருந்தாள். ஆரி ஊசி பிடித்த கையல்லவா. கொடுக்கும்போது சொன்னாள்: "டீச்சர், நம்ம ஊர்ல கொடி ஏற அளவுக்கு சவுக்க எவன் நிக்க விடறான்? நான் பாக்காத மரத்த வரஞ்சிருக்கேன். தப்பு இருந்தா சொல்லுங்க."

பாட்டைச் சொன்னபோது அவள் கவனித்தது மரத்தை அல்ல. "கூட வெளையாடினவங்க யாரும் இல்லியா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லைதான். தோருவின் அண்ணன் அப்ஜு 1865-ல் பதினான்கு வயதில் போனான். அக்கா ஆரு 1874-ல் இருபது வயதில் காசநோயில் போனாள். தோரு 1877 ஆகஸ்ட் 30-ஆம் தேதி அதே நோயில் போனபோது வயது 21. அதற்கு முந்தைய வருஷம்தான் பவானிப்பூர் அச்சகம் ஒன்றில் முதல் புத்தகம் வந்திருந்தது, பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு. அதிலும் எட்டுப் பாட்டு ஆரு செய்தவை. தோரு கதை எழுதுவது, ஆரு படம் போடுவது என்று அக்காளும் தங்கையும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள்.

மகள் போனபிறகு அப்பா கோவின் சந்தர் தத் அவளுடைய தாள்களை எடுத்துப் பார்த்தார். பிரெஞ்சில் எழுதி முடித்த ஒரு நாவல் இருந்தது. ஆங்கிலத்தில் முடிக்காத இன்னொன்று இருந்தது. முடியாததை முடியாதபடியே 1878-ல் ஒரு வங்காளப் பத்திரிகையில் போடச் செய்தார். பிரெஞ்சு நாவல் 1879-ல் பாரிஸில் வந்தது. புராணக் கதைப்பாட்டுகள் 1882-ல் லண்டனில் வந்தன. சவுக்கு மரம் அந்தக் கடைசிப் புத்தகத்தில்தான் இருக்கிறது. அதற்கு முன்னுரை எழுதிய எட்மண்ட் கோஸ், இருந்திருந்தால் எவ்வளவு செய்திருப்பாள் என்று இழப்பைத்தான் அளந்து பார்த்தார். அப்பா அளக்கவில்லை. இருந்ததை எடுத்து அடுக்கினார்.

இங்கே அடுக்கவும் ஒன்றும் இல்லையே என்பதுதான் அந்தப் பதினாறாம் நாள் என்னைக் குடைந்தது. தோருவுக்குத் தோட்டவீடு இருந்தது, வீடு நிறையப் புத்தகம் இருந்தது, கூட உட்கார்ந்து சமஸ்கிருதம் படிக்க அப்பா இருந்தார். எங்கள் பெண்ணுக்கு இருந்தவை ராத்திரிகள்தான். அவற்றை நாங்கள் வால்வுக்கும் சிறுநீரகத்துக்கும் வாங்கிக்கொண்டோம். அவளுக்கென்று வரைய ஒரு படம் மனத்தில் இருந்திருக்குமோ, அது எங்கள் சார்ட்டுகளுக்கு நடுவில் இடமில்லாமல் போயிருக்குமோ என்ற நினைப்பு இன்றைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை. கொடுக்கிறவள் சிரித்துக்கொண்டே கொடுத்தாள் என்பதால் வாங்கியவளுக்குப் பொறுப்பில்லை என்று ஆகிவிடுமா? ஆகாது என்றுதான் நினைக்கிறேன். கொடுக்கத் தெரிந்தவர்களிடம் போதும் என்று சொல்லவேண்டியது வாங்குகிறவர்கள்தான். அவர்களுக்கு அந்தச் சொல் வராது.

அந்த அம்மா கேட்டதை நான் பள்ளியில் சொன்னேன். செய்தி எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. அடுத்த ஞாயிறு ஆட்கள் அவர் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். விசிறி வந்தது. அட்டைகள் வந்தன. மழையில் எழுத்து கரைந்துபோன டீக்கடைப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு கடைக்காரரே வந்தார். படித்து முடித்து மீன்பிடிக்கப் போய்விட்ட ஒரு பையன், தன் பிறந்தநாள் அட்டையைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கொண்டுவந்து காட்டினான். காட்டினானே தவிரக் கையைவிட்டு இறக்கவில்லை. "பாத்துட்டுக் குடுத்துடுங்க ஆயா" என்றான். எனக்குச் சுருக்கென்றது. அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்து, பையனின் முகத்தையும் ஒருமுறை பார்த்து, "அப்பிடியே இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்றைக்கு வந்தது எதையும் அவர் வைத்துக்கொள்ளவில்லை. ஒன்றே ஒன்று தவிர. எங்கள் கணக்கு டீச்சருக்கு அவள் தைத்துக் கொடுத்திருந்த தோள்பை. அதைக் கையில் வாங்கியவர் உள்பக்கத்தைத் திருப்பினார். மயில்கழுத்து நிறத்தில் ஒரு கரை.

"இது என் பொடவ!" என்றார். "மூணு வருசமா இதத்தான் தேடிக்கினு இருக்கேன். கொடியில காயப்போட்டத எவளோ எடுத்துட்டாளேன்னு எதுத்த வீட்டுக்காரிகூடச் சண்ட போட்டேனே!"

சொல்லிவிட்டுச் சிரித்தார். பதினாறு நாளைக்கு மேல் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டிருக்காது. சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. பையை மடியில் வைத்துக் கரையை விரலால் நீவிக்கொண்டே இருந்தார். கணக்கு டீச்சர் பை இல்லாமல், சாவியையும் பணத்தையும் முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்குப் போனார்.

நான் மட்டும் ஒன்றும் கொண்டுபோகவில்லை. சவுக்கு மரச் சார்ட் பீரோவின் மேல் சுருட்டி வைத்தபடி இருந்தது. அது பள்ளிக்கூடத்துச் சொத்து, வகுப்புக்கு வேண்டும் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். கொடுக்க மனமில்லை என்பதுதான் நிஜம். அந்தப் பையனுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. காட்டிவிட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

மறு வருஷம் பாட்டு நடத்த வேண்டிய சமயம் வந்ததும் நானே போய் அந்த அம்மாவை வகுப்புக்கு அழைத்து வந்தேன். கடைசி பெஞ்சில், பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்தார். தோளில் அந்தப் பை. பாடம் முழுக்க ஆங்கிலமும் தமிழுமாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் சார்ட்டைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே போனதும் கிட்டே வந்தார். மூலைகளில் வருஷாவருஷம் குத்திய ஊசி ஓட்டைகளைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் உச்சியைக் காட்டினார்.

"அந்தக் கொரங்கு எதுக்கும்மா?"

"பாட்டுல இருக்கும்மா. விடியறதப் பாக்குது."

"யாரு எழுதுனது?"

சொன்னேன். கல்கத்தாப் பெண், இருபத்தோரு வயது, முன்னாலேயே போன அண்ணன், அக்கா, தாள்களை எடுத்து அச்சுக்குக் கொடுத்த அப்பா. பெஞ்சின் விளிம்பில் கை ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்த அப்பா, பொண்ணு போனப்பறம் எத்தினி வருசம் இருந்தாரு?"

இதை இதற்கு முன் யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாணவர்கள் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. அவர் போனது 1884 என்பது நினைவில் இருந்தது. மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன்.

"ஏழு வருசம்மா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சார்ட்டைச் சுருட்டக் கை கொடுத்தார். ஒரு முனையை அவர் பிடிக்க மறுமுனையிலிருந்து நான் சுருட்டிக்கொண்டு வந்தேன். மரம், கொடி, குரங்கு எல்லாம் உள்ளே போயின. ரப்பர் பேண்டைப் போட்டு அவரிடமே நீட்டினேன். வாங்கி ஒரு நிமிஷம் நெஞ்சோடு வைத்திருந்துவிட்டு, எட்டாத கையை எட்டி, பீரோவின் மேலேயே வைத்தார்.

"அடுத்த வருசமும் சொல்லி அனுப்புங்க" என்றார். பிறகு, மூன்றே கால் பஸ் போயிருக்குமா என்று கேட்டார்.