வீட்டில்தானே இருக்கிறாய்

"யக்கா, இந்த ஆன்லைன்ல பாடம் எடுக்குற வேலை எனக்கும் கெடைக்குமா? வீட்டுக்குள்ளயே இருந்துக்கிறலாம்ல. அவுகளும் ஒத்துக்கிருவாக."

எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்த பெண் கேட்டாள். எம்.எஸ்சி., பி.எட். முடித்தவள். இடுப்பில் ஒரு வயதுக் குழந்தை. கிடைக்கும் என்று உடனே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை. அவள் கடைசியாகச் சொன்னது என்னை உறுத்தியது. என் வீட்டிலும் அதே காரணத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டார்கள். வீட்டில் எதுவும் மாற வேண்டியதில்லை என்பதால் கிடைக்கும் அனுமதியைச் சுதந்திரம் என்று சொல்லலாமா?

கூடலூர் என்றதும் பலருக்கு நீலகிரி நினைவுக்கு வரும். எங்கள் கூடலூர் தேனி மாவட்டத்தில், கம்பத்துக்கும் லோயர்கேம்ப்புக்கும் இடையில் இருக்கிறது. விடியும் முன்பே இந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பும். குமுளி மலையேறி, கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களைக் கொண்டுபோகும். என் அம்மா அப்படிப் போனவர். அந்தி சாயத் திரும்புவார். சேலையில் மண்ணும் ஏலக்காய் வாசமும் இருக்கும். வந்ததும் வாசல்படியில் உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் யாரும் அவரிடம் காபி கேட்டதில்லை.

அந்த வாழ்க்கையை நான் அழகாக்கிக் காட்ட விரும்பவில்லை. ஜீப்பில் நெருக்கியடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போய்வந்தவர் அவர். "நீயாச்சும் படிச்சு நெழல்ல உக்காந்து வேல பாரு" என்பார்.

படித்தேன். ஆசிரியர் தகுதித் தேர்விலும் தேறினேன். தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று 2018-இல் அரசாணை வந்தது. அதற்குள் கல்யாணம், பிறகு குழந்தை. 2020 ஊரடங்கில் பள்ளிகள் மூடிக்கிடந்தபோதுதான் செல்போனில் வேலை தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஒருவர் பதிவுக் கட்டணம் என்று 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டு காணாமல் போனார். அடுத்த இடத்தில் மாதிரி வகுப்பு என்று நான்கு வகுப்புகளைச் சும்மா எடுக்கவைத்தார்கள். அதன்பின் பதில் இல்லை. மூன்றாவது இடத்தில் வகுப்புக்கு 150 ரூபாய் என்று வேலை கிடைத்தது. மாணவர்கள் அமெரிக்காவில். எனக்கு விடிகாலை ஐந்தரை மணி என்றால் கலிபோர்னியாவில் முந்தின நாள் மாலை ஐந்து. அம்மா ஜீப்பில் ஏறிய அதே நேரத்தில் நான் படுக்கையறை மூலையில் செல்போன் முன்னால் உட்கார்ந்தேன். அவர் மாநில எல்லையைத் தாண்டினார். நான் கடலையே தாண்டினேன், ஆனால் நிலைப்படியைத் தாண்டவில்லை.

ஒருநாள் பின்னம் நடத்திக்கொண்டிருக்கும்போது குக்கர் கூவியது. அடுத்த அறையில் மூன்று பேர் இருந்தார்கள். நான்காவது விசிலுக்கும் யாரும் எழவில்லை. மாணவனிடம் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு நானே ஓடினேன். அந்த மாதம் "பின்னணி இரைச்சல்" என்று சொல்லி ஒரு வகுப்பின் பணத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வீட்டில் சொன்னேன். "வீட்லதான இருக்க, இதுல என்ன?" என்றார்கள். நிறுவனத்துக்கு என் வீடு இரைச்சல். வீட்டுக்கு என் வேலை இரைச்சல்.

கற்பிப்பதை வேலையாகக் கணக்கில் எடுக்கத் தயங்குவது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. கோவாவில் ஒரு பள்ளி வேலையிலிருந்து நீக்கிய ஆசிரியை சுந்தராம்பாள் உச்ச நீதிமன்றம் வரை போனார். கற்பித்தல் உன்னதமான பணி, ஆகவே தொழில் தகராறு சட்டத்தின்படி ஆசிரியர் தொழிலாளி ஆகமாட்டார் என்று 1988-இல் தீர்ப்பு வந்தது. 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் மாலைதோறும் பாடம் சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அவர்களுக்கு வைத்த பெயர் தன்னார்வலர், அந்தப் பணத்துக்கு வைத்த பெயர் ஊக்கத்தொகை. தொண்டு, உன்னதம், ஆர்வம் என்று பெயர்கள் உயர உயர, கூலி கேட்கும் வாய் கூசிப்போகிறது. அதோடு "வீட்டில்தானே" என்பதும் சேர்ந்தால் வேலையே கண்ணில் படாமல் போய்விடுகிறது.

ஒன்றுமில்லாததற்கு இது மேல் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். மேல்தான். என் பெயரில் ஒரு வங்கிக் கணக்கு இருக்கிறது. அம்மாவின் கண்ணாடிக்கு யாரிடமும் கேட்காமல் பணம் கொடுத்தேன். அந்தப் பணம் வந்தபிறகு வீட்டில் என் குரலே கொஞ்சம் மாறியது. இதைக் குறைத்துச் சொன்னால் பொய்யாகிவிடும்.

ஆனால் எதை வைத்து அளப்பது? "விட்டார்களா, விடவில்லையா" என்றே இதுவரை அளந்து பழகிவிட்டோம். அம்மாவை யாரும் பெருந்தன்மையாக விட்டுவிடவில்லை, வறுமைதான் மலைக்கு அனுப்பியது. ஆனாலும் அவர் போனதால் எங்கள் வீடு மாறியது. அப்பா உலை வைத்தார். பாட்டி எங்களுக்குத் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்பினார். நான் சம்பாதித்தபோது என் வீட்டில் ஒரு பாத்திரம்கூட இடம் மாறவில்லை. என் வேலைக்காக யார் எதை விட்டுக்கொடுத்தார்கள், எதை என்னால் மறுக்க முடிந்தது என்று கேட்டுப் பார்த்தால், நிழலில் உட்கார்ந்து வேலை பார்த்த நான் அம்மாவைவிட எங்கே முன்னேறினேன் என்பது தெளிவாகவில்லை.

இப்போது என் வகுப்பு நேரங்களை எழுதி அறைக் கதவில் ஒட்டியிருக்கிறேன். அந்த நேரத்தில் அடுப்பு என் பொறுப்பில்லை என்றும் சொல்லிவிட்டேன். சில நாள் நடக்கிறது, பல நாள் சண்டையில் முடிகிறது.

அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். யாருக்கும் முன்பணம் கட்டாதே. மாதிரி வகுப்பு ஒன்றோடு நிறுத்து. சம்பளம் உன் கணக்குக்கே வரட்டும். கடைசியாக, "அவுக ஒத்துக்கிருவாகளான்னு கேக்குறதுக்கு முன்னாடி இன்னொண்ணு கேளு. நீ பாடம் எடுக்குற ரெண்டு மணி நேரமும் பிள்ளைய யார் வச்சுக்கிருவா?" என்றேன்.

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு யோசித்தாள். வேலை தேடிய நாட்களில் நான் என்னிடமே கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.