முன்பணம் யாருடையது?

குடியிருக்க வீடின்றி அலைவோர் துன்பத்தை எடுத்துரைப்போர் பலர். வீட்டை வாடகைக்கு விட்டவர் படும் துன்பத்தைக் கூறப் புகுந்தாலோ, கேட்போர் நகைப்பர். "சொந்தமாகச் சுவரும் கூரையும் உடையவனுக்கு, மாதம் பிறந்தால் கையில் பணம் வந்து விழுபவனுக்கு, என்ன துன்பம்?" என்று வினவுவர். வினா நியாயமானதே. ஆயினும் பெங்களூர் நகரத்தில், அடுக்குமாளிகைகளை வாடகைக்கு விட்டு வாழும் செல்வர் ஒரு சாரார் எனின், தாம் கீழே ஓர் அறையில் ஒடுங்கிக்கொண்டு, மேலே இரண்டு குடித்தனங்களை வைத்து, அவ்வரும்படியால் அரிசியும் மருந்தும் வாங்கும் முதியோரும் கைம்பெண்களும் ஆலைத் தொழிலாளரும் மற்றொரு சாரார். இவ்விரண்டாம் சாராருள் இரவில் உறக்கம் கொள்ளாதார் பலர் என்பதை யாம் அறிவோம். யாமும் அவருள் ஒருவராய் இருந்தமையால் அறிவோம்.

இத்துன்பம் எங்கிருந்து பிறக்கின்றது? வீட்டிலிருந்தா, குடித்தனக்காரரிடமிருந்தா, நம் நெஞ்சிலிருந்தா? இதனைச் சிறிது ஆராய்வோம்.

யாம் 17 ஆண்டுகள் பஞ்சாலையில் நூற்புப் பிரிவில் நின்று உழைத்தோம். அக்காலம் முழுவதும், கன்னடர் வடாரம் என்று வழங்கும் வரிசை வீடுகளுள் ஒன்றில் குடியிருந்தோம். பத்துக் குடும்பங்களுக்கு ஒரே குழாய். இரவு ஒன்பது மணிக்கு மேல் விளக்கெரிந்தால் வீட்டுக்காரர் குரல் முற்றத்தில் ஒலிக்கும். அவ்வீடு கிடைப்பதற்கு முன் தெருத்தெருவாய் அலைந்தபோது, "நீங்கள் என்ன ஜனம்?" என்ற ஒரு கேள்விக்குப் பின் எம் முகத்தெதிரே சாத்தப்பட்ட கதவுகள் எத்தனையோ! நமக்கென ஒரு வீடு வாய்த்தால் இத்தகைய வீட்டுக்காரராக ஒருநாளும் ஆகோம் என்று அன்று உறுதி பூண்டோம். வாடகை கொடுக்கும் காலத்தில் பூணும் உறுதி எளிது. வாடகை வாங்கும் காலத்திலன்றோ அது சோதனைக்கு வருகின்றது!

2004-ஆம் ஆண்டில் ஆலை மூடப்பட்டது. கைக்கு வந்த தொகையைக் கொண்டு, முன்னரே வாங்கியிருந்த சிறுமனையில் ஒரு வீடு எழுப்பினோம். 2011-இல் வங்கிக்கடன் பெற்று மாடியில் இரண்டு போர்ஷன்கள் கட்டினோம். ஒவ்வொன்றுக்கும் மாத வாடகை 7,000 ரூபாய். பெங்களூரில் நெடுங்காலமாய் இருந்துவந்த வழக்கம், பத்து மாத வாடகையை முன்பணமாகப் பெறுதல். அவ்வாறே இரு குடித்தனக்காரரிடமும் 70,000 வீதம் 1,40,000 ரூபாய் பெற்றோம். அப்பணம் ஒரு திங்கள்கூட எம்மிடம் தங்கவில்லை. மாடிப்படிக்குக் கைப்பிடியாயிற்று, தண்ணீர்த் தொட்டியாயிற்று, வெளிச்சுவருக்குப் பூச்சாயிற்று. "நம் வீட்டுக்குத்தானே செலவிட்டோம்!" என்று மனம் அமைதி கொண்டது.

2016-இல் ஒருநாள், சரக்கு வண்டி ஓட்டும் குடித்தனக்காரத் தம்பி கீழிறங்கி வந்தார். நான்கு ஆண்டுகள் ஒரு மாதமேனும் வாடகை தவறாதவர். "ஐயா, ஊரிலே அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. அறுவைச் சிகிச்சை செய்யவேண்டும் என்கிறார்கள். வீட்டைக் காலி செய்துகொண்டு போகலாமென்று இருக்கிறோம். அட்வான்ஸ் பணத்தைக் கொடுத்தால் உதவியாயிருக்கும்" என்றார். எம் கையில் 6,000 ரூபாய்கூட இல்லை.

அதற்கு முந்திய ஞாயிறன்றுதான் யாம் விகாரையில் பற்றறுத்தலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசியிருந்தோம். புதன்கிழமை அவர் போர்ஷனுக்குள் சென்று சுவரில் ஆணித்துளைகளை எண்ணினோம். பதினொன்று இருந்தன. அவற்றுள் மூன்று, எம் மகள் மணநாளில் விளக்குச் சரம் தொங்கவிட யாமே அடித்தவை. அவற்றையும் சேர்த்தே எண்ணினோம். வர்ணம் பூசும் செலவென்று 7,000 ரூபாயைக் கழித்தோம். எஞ்சியதை, "புதுக் குடித்தனம் வரட்டும்" என்று சொல்லிச் சொல்லி 43 நாள் கடத்தினோம். அவர் பணம் எம்மிடம் இருக்க, அவர் தம் தாயின் சிகிச்சைக்கு வேறிடத்தில் வட்டிக்கு வாங்கினார். போகும் நாளில் வீட்டைப் பெருக்கிக் கழுவி, சாவியை இரு கையாலும் தந்தார்.

அன்பர்களே, அந்த 43 நாளில் எம் நெஞ்சில் நிகழ்ந்ததைக் கூறவே இதனை எழுதுகின்றோம். ஒரு குற்றமும் செய்யாத அவரை யாம் வெறுக்கத் தொடங்கினோம். அவர் படியேறும் ஓசை கசந்தது. அவர் கதவைச் சாத்தினால், எம்மை அவமதிக்கவே ஓங்கிச் சாத்தினார் என்று தோன்றியது. நல்லவர் ஒருவரைத் தீயவராக்கிப் பார்த்தாலன்றி எம் செயலை எம்மால் தாங்க இயலவில்லை. காரணம் யாது? யாம் எம்மை வீட்டின் சொந்தக்காரர் என்றும் அவரை எம்மை அண்டியிருப்பவர் என்றும் எண்ணியிருந்தோம். உண்மையோ தலைகீழ். அவர் 70,000 ரூபாயை வட்டியின்றி எமக்கு ஈந்திருந்த கடன்கொடுத்தவர். யாம் அதனைச் செலவழித்துவிட்ட கடனாளி. கடன்கொடுத்தவர் முகத்தைக் கண்டால் கடனாளிக்கு உண்டாகும் அச்சமே எம்மிடம் வெறுப்பின் வேடம் பூண்டு வந்தது.

அநாதபிண்டிகருக்கு அறமுரைத்தபோது பகவான் புத்தர், இல்லறத்தார்க்குரிய இன்பங்கள் நான்கென வகுத்தார். பொருள் உடைமை, அதனைத் துய்த்தல், கடனின்மை, பழியின்மை என்பன அவை. ஏனைய மூன்றும் பழியின்மைக்குப் பதினாறில் ஒரு கூறும் ஈடாகா என்பதும் அவர் காட்டியது. வீட்டுக்காரருள் பலர் முதலிரண்டையும் பெற்றதாகக் கருதி, மூன்றாவதை அறியாமலே இழந்து, அதனால் நான்காவதையும் இழக்கின்றனர். முன்பணத்தைச் செலவிட்டவர்க்குக் குடித்தனக்காரர் இருந்தாலும் துன்பம், போனாலும் துன்பம்.

முன்பணம் யாருடையது என்னும் வினாவுக்கு விடை இப்போது தெளிவாகும். அது குடித்தனக்காரருடையது, நம்மிடம் காவலுக்கு வைக்கப்பட்டது. நடுவண் அரசு 2021-இல் வகுத்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீட்டுக்கு இரண்டு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாதென்றும், வீடு காலியாகி ஒப்படைக்கப்படும்போதே உரிய கழிவு போகத் திருப்பித் தரவேண்டுமென்றும் கூறுகின்றது. அது மாநிலங்கள் ஏற்றாலன்றி நடைமுறைக்கு வாராத மாதிரியே. ஆயினும் சட்டம் வந்து கட்டாயப்படுத்தும்வரை அறம் காத்திருக்க வேண்டுமா?

எனவே யாம் கைக்கொண்ட முறையைக் கூறுவோம். செலவாகிவிட்ட முன்பணத்தை ஈடுசெய்ய, மாதம் 3,000 ரூபாயைத் தனி வங்கிக் கணக்கில் இட்டுவந்தோம். ஏறத்தாழ நான்கு ஆண்டில் 1,40,000 நிறைந்தது. இன்று அக்கணக்கை யாம் தொடுவதில்லை. அதில் விளையும் வட்டி, குடித்தனம் மாறும்போது வர்ணம் பூச உதவுகின்றது. ஆண்டுக்கு 6 விழுக்காடு எனக் கொண்டால், 70,000 ரூபாய் மூன்றாண்டில் 12,600 ரூபாய் ஈட்டும். அதன்பின் ஆணித்துளை எண்ண வேண்டிய தேவை என்ன? குடிவரும் நாளில் குழாய், மின்விசிறி, கதவு, சன்னல் ஆகியவற்றின் நிலையை எழுதி இருவரும் கையெழுத்திடுகின்றோம். மறதியால் எழும் சண்டை அதனால் பாதி குறைந்தது.

அடுத்தது, வாராத பணத்தை வந்ததாக எண்ணும் மயக்கம். மாதம் 14,000 என்றால் ஆண்டுக்கு 1,68,000 என்று மனக்கணக்கு போடுகின்றோம். குடித்தனம் மாறும்போது ஒவ்வொரு போர்ஷனும் ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் 14,000 போயிற்று. மோட்டார் எரியும், தளம் ஒழுகும், வீட்டுவரி வரும். வருமானவரிச் சட்டமே, வீட்டுவரி போக எஞ்சிய வாடகையில் 100-க்கு 30 வீதம், உண்மைச் செலவைக் கேளாமலே கழித்துக் கொடுக்கின்றது. அத்தொகை உன் உணவுக்குரியதன்று என்று அரசே அறிவுறுத்துவதுபோல் இருக்கின்றதன்றோ? சிகாலனுக்குப் பகவான் உரைத்த பங்கீடும் இதுவே: ஒரு பங்கு துய்க்க, இரண்டு பங்கு தொழிலில் இட, நான்காம் பங்கு இடர்க்காலத்துக்கெனச் சேமிக்க. வீட்டுக்காரனுக்கு வீடே தொழில். கடன் தவணையும் பழுதுபார்த்தலும் அவ்விரண்டு பங்குக்குள் அடங்கவேண்டும். பன்னிரண்டு மாத வாடகையும் தவறாது வரும் என நம்பித் தவணையை ஏற்றுக்கொண்டவர், ஒரு போர்ஷன் காலியானவுடனே நடுங்குகின்றார். அந்நடுக்கத்தில் வாடகையை உயர்த்துகின்றார். அல்லது வருவோரிடம் குலம் கேட்கின்றார். குலத்தைக் கேட்டால் வாடகை தவறாது வரும் என்பது அச்சத்தில் பிறந்த மூடநம்பிக்கை. எம் வாயிலில் யாம் கேட்பன மூன்றே: என்ன வேலை, எத்தனை பேர், எவ்வளவு காலம்.

இனி மனத்துன்பம். அம்பு தைத்தவன் ஒருவன். அதன் வலி ஒன்று. அதனை எண்ணி எண்ணிப் புலம்புவதால் தானே தன்மேல் எய்துகொள்ளும் இரண்டாம் அம்பின் வலி வேறொன்று. பகவான் காட்டிய இவ்வுவமை வீட்டுக்காரர்க்கென்றே கூறப்பட்டதுபோலும்! ஐந்தாம் தேதி வாடகை வரவில்லை. இது முதல் அம்பு. ஆறாம் தேதி முதல் அவருடைய இருசக்கர வண்டியின் ஓசைக்குச் செவி சாய்த்திருக்கின்றோம். அவர் வீட்டுக்கு வரும் பொட்டலங்களை எண்ணுகின்றோம். "வாடகைக்குப் பணமில்லை, பிரியாணி மட்டும் மணக்கின்றதே!" என்று மனையாளிடம் பொருமுகின்றோம். இவ்வம்புகளை எய்தவர் குடித்தனக்காரரா? வாடகை வருவது பத்தாம் தேதி. நாம் வருந்துவதோ முப்பது நாளும்.

இதற்கு மருந்து, நேரே ஒருமுறை பகலில் அமர்ந்து கேட்டல். படிக்கட்டில் மறித்துக் கேளாதீர். பிள்ளைகள் முன் கேளாதீர். "தம்பி, இம்மாதம் என்னவாயிற்று?" என்று கேட்டுவிட்டால், தர இயலாதவர் யார், தர மனமில்லாதவர் யார் என்பது பெரும்பாலும் அன்றே விளங்கிவிடும்.

இருவரையும் ஒன்றாகக் கருதுதல் பெரும்பிழை. 2020-இல் பெருந்தொற்றால் நாடு அடைபட்டபோது, தொழிலாளரிடம் ஒரு மாத வாடகை கேட்கலாகாதென மார்ச் 29-ஆம் நாள் நடுவண் உள்துறை ஆணையிட்டது. எம் மாடியில் ஆயத்த ஆடை ஆலையில் பணிசெய்யும் பெண்மணி ஒருவர் தம் பிள்ளைகளுடன் இருந்தார். அவர்க்கு மூன்று மாதம் ஊதியமில்லை. ஆணை கூறியது ஒரு மாதம். எம் வங்கித் தவணையோ நின்றபாடில்லை. யாமும் அவரும் அமர்ந்து கணக்கிட்டோம். மூன்று மாத வாடகை 21,000-இல் பாதியைத் தள்ளினோம், மறுபாதியை அடுத்த ஓராண்டில் சிறிது சிறிதாகத் தர அவர் இசைந்தார், தந்தும் முடித்தார். நான்காம் பங்கு எம்மிடம் அப்போது இருந்தமையால் இது இயன்றது. சேமிப்பில்லாத வீட்டுக்காரனின் இரக்கம் நாவளவில் நின்றுவிடும்.

மற்றொருவர், ஊதியம் பெற்றுக்கொண்டே ஏழு மாதம் வாடகை தராதிருந்தார். தண்ணீரை அடைத்துவிடுமாறு அண்டை வீட்டார் அறிவுரைத்தனர். அவ்வாறு செய்தல் சட்டத்துக்கும் அறத்துக்கும் மாறு. அவர் வீட்டில் குழந்தையும் நீர் பருகுகின்றதன்றோ! எழுத்தில் அறிவிப்புத் தந்தோம். நிலுவையை முன்பணத்தில் கழித்தோம். எஞ்சிய 21,000-ஐ அவர் காலிசெய்த நாளிலேயே கொடுத்தனுப்பினோம். குரல் உயரவில்லை, உறக்கமும் கெடவில்லை. காவலுக்கு வைத்த பணம் காவலிலேயே இருந்ததால் யாம் அஞ்ச ஒன்றுமில்லை. உறுதியும் இரக்கமும் ஒரே கணக்குப் புத்தகத்தில் அமையும் என்பதை அன்று கற்றோம்.

"குடித்தனக்காரர் நம்மை ஏமாற்றுகின்றனரே, நாம் மட்டும் நேர்மை காப்பதேன்?" என்பார் உளர். ஏமாற்றுவோர் உண்டு. அவரால் சில மாத வாடகை இழப்போம். ஆனால் ஏமாற்றுவோர் ஒருவரை அஞ்சி எல்லோரையும் ஐயுறத் தொடங்கினால், நம் வீட்டுக்குள்ளேயே பகைவரைக் குடிவைத்து, அவர்க்கு அடியில் படுத்துறங்க முயல்வோராவோம். எது பேரிழப்பு?

சரக்கு வண்டித் தம்பிக்கு யாம் கழித்த 7,000 ரூபாயை மறு ஆண்டு அனுப்பினோம். "வந்து சேர்ந்தது ஐயா" என்று மட்டும் விடை வந்தது. அந்த 43 நாளுக்கு அவர் செலுத்திய வட்டி எவ்வளவு என்று கேட்க அன்று எமக்குத் துணிவில்லை. அது இன்றும் எம் கணக்கில் நிற்கின்றது.

ஆதலின், வீட்டுக்காரராகிய அன்பர்களே! இன்றிரவு கணக்கேட்டைத் திறமின். வரவுப் பக்கத்தில் நும் குடித்தனக்காரர் பெயர் இருக்கும். பற்றுப் பக்கம் புரட்டி, நீவிர் அவர்க்குத் தரவேண்டிய முன்பணத்தை அவர் பெயருடன் ஆங்கும் எழுதுமின். அத்தொகை நும்மிடம் இருக்கின்றதா என்று பாருங்கள். இல்லையெனில், முதல் நூறு ரூபாயை நாளையே எடுத்து வைமின்.