கரை சேர்ந்த பிறகு

ஜேஸனின் கதையிலிருந்து நாம் வழக்கமாக எடுக்கும் பாடம், துணிவும் விடாமுயற்சியும் உள்ளவன் எதையும் அடைவான் என்பது. கதையை முழுக்கப் படித்தால் இந்தப் பாடம் நிற்காது என்றே எனக்குப் படுகிறது.

அரியணையை வைத்திருந்த பீலியாஸ், கொல்கிஸ் நாட்டிலிருந்த பொன் ஆட்டுத்தோலைக் கொண்டுவா என்று ஜேஸனை அனுப்புகிறான். போனவன் திரும்பக்கூடாது என்பதுதான் உள்ளெண்ணம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் இந்த ஆர்கோ கப்பல் பயணத்தை 4 காண்டங்களில் பாடிய அபல்லோனியஸ், தம் நாயகனைச் செய்வதறியாது திகைப்பவனாகவே காட்டுகிறார். நெருப்பு கக்கும் காளைகளை அவன் ஏரில் பூட்டியது மெடீயா கொடுத்த மருந்தைப் பூசிக்கொண்டு. விதைத்த பற்களிலிருந்து முளைத்த வீரர்களை ஒழித்தது அவள் சொல்லித்தந்த உபாயத்தால். தோலைக் காத்த பாம்பை உறங்கவைத்ததும் அவளே. துரத்தி வந்த அவளுடைய சகோதரன் அப்ஸிர்டஸை அவள் வஞ்சகமாக வரவழைக்க, ஜேஸன் வெட்டிக் கொல்கிறான். தோலின் விலையில் இந்த ரத்தமும் சேர்த்தி.

பிறர் கையால் ஜெயிப்பது இழிவில்லை. தனியாக ஜெயித்தவன் யார்? கேள்வி, ஜெயித்த பிறகு அந்தக் கையை என்ன செய்கிறோம் என்பதுதான்.

அபல்லோனியஸின் காவியம் கப்பல் கரை சேர்வதோடு முடிகிறது. சாகஸத்துக்கு அது சௌகரியமான இடம். அவருக்கு வெகு முன்பே யூரிப்பிடிஸ், கி.மு. 431இல் அரங்கேறிய ‘மெடீயா’ நாடகத்தில், பின்னால் நடந்ததை எடுத்துக்கொண்டார். அதில் தோல் ஜேஸனுக்கு ராஜ்யம் எதையும் வாங்கித் தந்திருக்கவில்லை. கொரிந்தில் அகதியாக இருக்கிறான். அந்த ஊர் அரசன் மகளை மணக்கிறான். எதிர்த்துக் கேட்கும் மெடீயாவிடம் கணக்குச் சொல்கிறான். தன்னைக் காத்தது அவளல்ல, காதல் தேவதை அஃப்ரோடைட்டி என்கிறான். அவளும் கொடுத்ததற்கு மேல் பெற்றுவிட்டாளாம்: அநாகரிக தேசத்தை விட்டு கிரேக்க மண்ணில் வாழ்கிறாளே!

செய்துகொடுத்த சத்தியத்தை அவன் மீறியது குற்றம்தான். ஆனால் இந்தக் கணக்கு அதைவிடக் கொடியது என்று நினைக்கிறேன். அன்பு வற்றலாம், வற்றிய அன்பை ஊறவைக்க யாராலும் முடியாது. பட்ட கடனுக்கு ஈடாக ஆயுள் முழுவதும் அடிமைப்படு என்று கேட்பதும் நியாயமாகாது. எனினும், நீ இல்லாமல் நான் இல்லை என்ற உண்மையைச் சொல்ல அன்புகூட வேண்டியதில்லை, நேர்மை போதும். ஜேஸனிடம் இல்லாமல் போனது அதுவே. தன் திகைப்பைக் கண்ணால் பார்த்த ஒரே சாட்சி அவள். அவளோடு வாழ்வது, தான் வீரனல்ல என்பதோடு வாழ்வது.

மெடீயா பிறகு தன் குழந்தைகளையே கொல்கிறாள். எந்த அநீதியும் அதற்குச் சமாதானமாகாது; யூரிப்பிடிஸும் அதை மழுப்பவில்லை. ஆர்கோவின் மரத்துண்டு தலையில் விழுந்து நீ சாவாய் என்று அவள் ஜேஸனிடம் சொல்லிவிட்டுப் போகிறாள்.

காளைகளும் பாம்பும் ஜேஸனுக்கு வைத்த சோதனைகள் என்று சொல்லத் தோன்றவில்லை. அவற்றை அவனுக்காக வேறொருத்தி கடந்துவிட்டாள். அவன் மட்டுமே கடக்க வேண்டியிருந்த சோதனை ஒன்றுதான்: அவள் கடந்தாள் என்று சொல்வது.