நிலக்கரி விற்ற தாயின் மகன்



பரீட்சையில் தவறிய பிள்ளையும், வேலைக்கு மனுப்போட்டு "வேண்டாம்" என்ற பதில் வாங்கிய வாலிபனும் நம் வீடுகளில் உண்டு. அவர்கள் முகம் வாடி நிற்கும் வேளையில் பெற்றோராகிய நாம் பேசுவது என்ன? இதை மனதில் வைத்து, அமெரிக்க தேசத்து ஆட்டக்காரர் ஒருவரின் வரலாற்றைக் கேளுங்கள். ஜானி யூனிடாஸ் என்று பெயர். நம் திருச்சபையின் பிள்ளை.

அந்நாட்டுக் கால்பந்து நாம் அறிந்த கால்பந்தல்ல. முட்டை வடிவான பந்தைக் கையால் எறிந்தும், மார்போடு அணைத்து ஓடியும் ஆடுவது. எறிகிறவரைக் குவார்ட்டர்பேக் என்பார்கள். குழுவுக்கு மூளையும் அவரே, எதிரிகள் பாய்ந்து வீழ்த்தத் தேடுவதும் அவரையே.

1933-ல் பிட்ஸ்பர்க் நகரில் பிறந்த ஜானிக்கு ஐந்து வயதில் தகப்பனார் இறந்தார். நாலு பிள்ளைகளோடு நின்ற தாயார் ஹெலன், கணவரின் நிலக்கரி வியாபாரத்தைத் தாமே ஏற்று நடத்தினார். பிள்ளை பிரயாசையைப் படித்த முதல் பள்ளிக்கூடம் அதுவே.

நோத்ர தாம் என்னும் பேர்போன கத்தோலிக்க சர்வகலாசாலை, ஆள் மெலிவு என்று அவரை ஏற்கவில்லை. (நம்மவர்களே தள்ளியதை ஒளிப்பானேன்!) லூயிவில்லில் படித்தார். 1955-ல் சொந்த ஊர்க் குழுவான ஸ்டீலர்ஸ் அவரைத் தெரிந்தெடுத்தது. ஆட்டப் பருவம் தொடங்குமுன்னே அனுப்பியும் விட்டது. அப்போது கலியாணமானவர். கட்டட வேலைக்குப் போனார். ப்ளூம்ஃபீல்ட் ராம்ஸ் என்ற சிறு குழுவில், ஆட்டத்துக்கு ஆறு டாலர் கூலிக்கு ஆடினார்.

தள்ளியவர்கள் துஷ்டரல்ல. ஈசாயின் வீட்டில் சாமுவேல் தீர்க்கதரிசியும் முதலில் உயரத்தைப் பார்த்துத்தானே மயங்கினார்? ஆனாலும் ஒன்று: தள்ளப்பட்டோர் எல்லாரும் புகழடைவார்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லாதீர்கள்; அது பொய். ப்ளூம்ஃபீல்டில் அவரோடு விழுந்து எழுந்த மற்றவர்களின் பெயர் உலகுக்கு எட்டவில்லை. சர்வேசுரன் சந்நிதியில் அவர்கள் குறைந்தவர்களா?

1956-ல் பால்டிமோர் கோல்ட்ஸ் குழு அவரைச் சேர்த்தது. காயப்பட்டவருக்குப் பதிலாக இறங்கிய நாளில், அவர் எறிந்த முதல் பந்தையே எதிரி பிடித்து ஓடிப் புள்ளி எடுத்தான். 58-க்கு 27 என்று தோல்வி. அடுத்த வாரமும் எறியத்தான் செய்தார். 1958 டிசம்பர் 28-ந் தேதி, நியூயார்க்கில் சாம்பியன் ஆட்டம். நேரம் முடிய ஏழு வினாடி இருக்கையில் 17-க்கு 17 என்று சமமாயிற்று. கூடுதல் நேரத்தில் பந்தை அடியடியாக முன்னேற்றி, 23-க்கு 17 என்று ஜெயம் கொண்டார்கள். 1956 முதல் 1960 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் அவர் எறிந்த பந்து புள்ளியானது. அந்தச் சாதனையை 2012 வரை எவரும் மீறவில்லை.

புகழின் விலையையும் சொல்லவேண்டும். பழைய காயத்தால் முதிர்வயதில் அந்த வலது கையின் விரல்கள் மடங்க மறுத்தன. கோல்ஃப் மட்டையைப் பிடிக்கவும் கையோடு பட்டை கட்டவேண்டியிருந்தது. ஊனத்துக்குக் கேட்ட உதவித்தொகை கிடைக்கவில்லை. கைதட்டிய கூட்டம் எப்போதோ வீட்டுக்குப் போயிருந்தது.

2002 செப்டம்பர் 11-ந் தேதி, 69-ம் வயதில், மாரடைப்பால் மரித்தார். ஒருகாலத்தில் ஆறு டாலருக்கு ஆடியவரின் அடக்கப் பூசை, அவரை ஏற்றுக்கொண்ட பால்டிமோரில், தேவமாதாவின் பெயர்கொண்ட பேராலயத்தில் நடந்தது.