கடலும் மேகமும் வீரநாராயணபுரத்து ஏரியும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கொள்ளிடத்தில் பெருவெள்ளம் வந்தது. அது குமராட்சி வட்டாரத்து மழையால் வந்ததன்று. "நம் ஊரில் பெய்யாத மழைக்கு நம் ஆற்றில் வெள்ளம் ஏன்?" என்று ஒரு குழந்தை கேட்குமானால், அக்கேள்வியை அலட்சியம் செய்தலாகாது. அதற்கு விடை சொல்லப் புகுந்தால், நம் ஆசார்ய பரம்பரையின் வைபவத்தையே சொல்லி முடிக்க வேண்டியதாகும்.

மழை தொடங்கும் இடம் வானமன்று, கடல். ஆண்டாள் திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில் மழைக்கு உரிய தேவனை அழைத்து, முதலில் கடலுக்குத்தான் அனுப்புகிறாள். நீரை எடுத்தபின் எம்பெருமானின் திருமேனிபோல் கறுத்து, திருவாழிபோல் மின்னி, சங்கம்போல் முழங்கி, சார்ங்கத்தின் அம்புகள்போல் பொழியச் சொல்கிறாள். எதையும் ஒளித்து வைத்துக்கொள்ளலாகாது என்பதும் அவள் இடும் கட்டளை.

மேகம் யானையைப் போலத் துதிக்கை நீட்டிக் கடலைக் குடிப்பதில்லை என்பதைக் குழந்தைகளுக்கு விளக்க வேண்டும். கதிரவனின் வெப்பத்தால் கடல்நீர் கண்ணுக்குப் புலப்படாத ஆவியாகி மேலே செல்கிறது. உப்பு கடலிலேயே தங்கிவிடுகிறது. உயரே குளிர்ந்த காற்றில் அவ்வாவி நுண்ணிய தூசுகளைப் பற்றிச் சிறுதுளிகளாகிறது. அத்துளிகளின் கூட்டமே மேகம். மடைப்பள்ளியில் உப்பிட்ட உலை மெல்லக் கொதிக்கையில் மூடியைத் திறந்தால், அதன் உட்புறம் முத்து முத்தாய் நிற்கும் நீரில் உப்புச் சுவை இராது. இதனினும் நல்ல பாடம் வேண்டியதில்லை.

மேல்கடலில் எழும் ஆவியைத் தென்மேற்குப் பருவக்காற்று சுமந்து வந்து குடகு மலையில் பொழிகிறது. அந்நீர் காவிரியாகி, மேட்டூரைக் கடந்து, முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, அணைக்கரையை அடைகிறது. அங்கிருந்து ஒரு பகுதி வடவாறு வழியே வீராணம் ஏரிக்குச் செல்ல, எஞ்சியது கீழ்க்கடலில் சேர்கிறது. ஐப்பசி கார்த்திகையிலோ கீழ்க்கடலின் மேகமே நேராக இங்கு வந்து பொழியும்.

இனி, பூர்வர்கள் அருளிய ஒரு சுலோகத்தின் கருத்தைக் காண்போம். திருமகள் கேள்வனே கடல், நம்மாழ்வார் மேகம். அம்மேகம் கருணையென்னும் நீரை முகந்து நாதமுனிகளாகிய மலையின்மேல் பொழிந்தது. உய்யக்கொண்டார், மணக்கால் நம்பி என்னும் இரண்டு அருவிகள் வழியே அது இழிந்து, ஆளவந்தாராகிய ஆற்றிற் கலந்து, எம்பெருமானாராகிய பேரேரியை நிரப்பிற்று. அங்கிருந்து ஆசார்யர்களாகிய கால்கள் வழியே உயிர்களாகிய பயிருக்குப் பாய்கிறது. கடலில் உள்ளபோது பருக இயலாத நீரை மேகமன்றோ இனிதாக்கித் தருகிறது! வேதத்தின் பொருளை ஆழ்வார் தமிழாக்கியதும் அவ்வாறே.

இந்த மலையும் ஆறும் தோன்றிய ஊர் தொலைவில் இல்லை. தில்லைத் திருச்சித்திரகூடத்தில் கோவிந்தராஜனை ஸேவித்துக் குமராட்சி வழியாகச் செல்வோர் அடையும் காட்டுமன்னார்கோயிலே அது. நாதமுனிகளும் அவருடைய திருப்பேரனார் ஆளவந்தாரும் அவதரித்த திருப்பதி. முதற் பராந்தக சோழனின் வீரநாராயணன் என்னும் விருதுப் பெயரையே அவ்வூரும் அதன் ஏரியும் பெற்றன. ஏரியின் பெயர் மக்கள் வாயில் வீராணம் ஆயிற்று. அவ்வேரியின் 74 மதகுகளைக் கண்டே எம்பெருமானார் 74 சிம்மாசனாதிபதிகளை நியமித்தார் என்று பெரியோர் கூறுவர். நிரம்பிய ஏரியால் மட்டும் பயிர் விளையாது. மதகு திறந்து, காலும் தூர்ந்து போகாதிருக்க வேண்டும் என்பதை உழவர் நன்கறிவர்.

நாதமுனிகளுக்கு முதலில் கிடைத்தது ஆராவமுதனைப் பற்றிய பத்துப் பாசுரங்களே. அவற்றை மன்னனார் ஸந்நிதியில் ஓதியவர்கள் வழிநடையாக வந்த யாத்திரிகர்கள். ஆயிரத்துள் பத்து என்று கேட்டதும், எஞ்சியவற்றைத் தேடி அவர் குருகூர் வரை சென்றார், நாலாயிரமும் கிடைத்தன. அந்த யாத்திரிகர்கள் தாம் அறிந்த பத்தை ஓதாமற் போயிருந்தால்?

சுலோகம் பயிரோடு நின்றுவிடுகிறது. குழந்தை நிற்காது, "பயிருக்குப் பாய்ந்த நீர் பிறகு எங்கே போகிறது?" என்று கேட்கும். வேர் உறிஞ்சிய நீரில் பெரும்பகுதியை நெற்பயிர் தன் இலைகளின் வழியே மீண்டும் ஆவியாக விட்டுவிடுகிறது. வயலில் தேங்கியது வெயிலில் மேலெழும். வடிந்தது வாய்க்கால் வழியே கீழ்க்கடலை நோக்கிச் செல்லும்.