குளம் வெட்டிய புண்ணியம் யாருக்கு?

ஊரின் குடிநீருக்காக ஓடையை மறித்துச் சிற்றணை கட்டினாலும் குளம் வெட்டினாலும் அறம் பற்றிய ஒரு கேள்வி எழுகிறது. அந்தப் புண்ணியம் யாரைச் சேரும்? பணம் கொடுத்தவரையா, மண் சுமந்தவரையா, பிற்பாடு கரையைக் காத்தவரையா? தரும சாத்திரங்கள் நற்செயல்களை இரண்டாகப் பிரிக்கின்றன. வேள்வி சார்ந்தவை ‘இஷ்டம்’. கிணறு, குளம், சோலை, கோயில், அன்னதானம் முதலியவை ‘பூர்த்தம்’. வேள்விக்கு உரியவர் சில வருணத்தார் மட்டுமே. பூர்த்தமோ சூத்திரருக்கும் பெண்களுக்கும் திறந்திருந்தது.

பூர்த்தம் சாதாரண தானத்திலிருந்து வேறுபட்டது. தானத்தில் கொடுப்பவர் ஒருவர், ஏற்பவர் ஒருவர். ஏற்ற மாத்திரத்தில் பொருள் கைமாறிவிடும். குளத்தை அப்படி யாரும் கைநீட்டி வாங்க முடியாது. ஆகவே வெட்டி முடித்தவர் ‘உத்சர்க்கம்’ என்னும் சடங்கைச் செய்து, அந்த நீரை எல்லா உயிர்களுக்குமாக விட்டுவிட வேண்டும் என்று விதித்தார்கள். இதிலிருந்து ஒரு சிக்கல் பிறந்தது: விட்டுவிட்ட பின் கட்டியவரே அதில் ஒரு குடம் மொள்ளலாமா? மொள்ளலாம், எல்லா உயிர்களில் அவரும் ஒருவர்தானே என்று விடை கண்டார்கள். ஆனால் உடைமைக்காரராக அல்ல, ஊராரில் ஒருவராகவே அவர் துறையில் இறங்க வேண்டும். உடைமையைத் துறந்தால்தான் கட்டடம் அறமாகிறது என்பதே இதன் உட்கருத்து.

புகழை மட்டும் அவ்வளவு எளிதில் யாரும் துறக்கவில்லை. புறநானூற்றின் 18ஆம் பாட்டில் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனிடம் மறுமைச் செல்வம், வெற்றி, நிலைத்த புகழ் மூன்றுக்கும் ஒரே வழியாகப் பள்ளமான இடங்களில் நீரைத் தேக்கச் சொல்கிறார். கடப்பை மாவட்டத்துப் போருமாமில்லா ஏரிக் கல்வெட்டு 1369ஆம் ஆண்டைச் சேர்ந்தது. விஜயநகர இளவரசர் பாஸ்கரர் கட்டிய அந்த ஏரியில் இரண்டு ஆண்டுகள் நாள்தோறும் 1,000 பேர் வேலை செய்தார்கள். கல் சுமக்க 100 வண்டிகள் ஓடின. நல்ல ஏரிக்கு வேண்டிய 12 அங்கங்களையும் 6 குற்றங்களையும் கல்வெட்டு அடுக்குகிறது. கரை கசிதல், உவர்மண், ஏரி நடுவில் மேடு, பரப்புப் பெரிதாக இருந்து நீர் குறைதல், நீர் மிகுந்து பரப்புக் குறைதல் ஆகியவற்றோடு இரண்டு அரசுகளின் எல்லையில் ஏரி அமைவதும் ஒரு குற்றம். எல்லை ஏரியில் தண்ணீருக்குச் சண்டை வரும், மராமத்துக்கு ஆள் வராது. பொறுப்பேற்க ஆளில்லாமையும் கரைக் கசிவைப் போன்ற குறையே. அங்கங்களின் பட்டியலில் அறநெறி கொண்ட அரசரோடு அணை கட்டத் தெரிந்த வேலையாட்களும் இடம்பெறுகிறார்கள். ஆனால் கல்லில் பெயராக நிற்பவர் பாஸ்கரர். அந்த ஆயிரம் பேர் வெறும் எண்ணிக்கையாகவே நிற்கிறார்கள்.

புகழின் இந்தச் சாய்வைச் சமன்செய்யும் கருத்தும் கல்வெட்டுகளிலேயே உண்டு. கொடுப்பது, கொடுத்ததைக் காப்பது என்னும் இரண்டில் காப்பதே மேல் என்ற வடமொழிச் சுலோகம் பல சாசனங்களின் முடிவில் வருகிறது. தன் தருமத்தைப் பின்னாளில் காப்பவனின் பாதம் தன் தலைமேல் என்று கொடையாளர் எழுதிவைப்பதும் வழக்கம். நீர்நிலைக்கு இது மற்றெதையும்விடப் பொருந்தும். வண்டல் படியும், மதகு அடைபடும், கலிங்கு அரிபடும். ஒவ்வொரு மழைக்காலமும் அந்தக் கொடையை அழிக்கப் பார்க்கும். உத்திரமேரூரில் பராந்தக சோழனின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இக்காவலுக்குச் சட்டமே வகுத்தன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், பதவிக்காலம் 360 நாள், தேர்வு குடவோலையில். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவருடைய நெருங்கிய உறவினரின் பெயரும் குடத்தில் விழக் கூடாது.

எல்லா உயிர்களுக்கும் என்ற சொல் நடைமுறையில் எவ்வளவு தூரம் சென்றது என்பது அடுத்த கேள்வி. பேரறிவாளனின் செல்வத்தை நிறைந்த ஊருணிக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். யாரையும் விலக்காத ஊருணிக்கே அந்த உவமை பொருந்தும். மகாராஷ்டிரத்தின் மகாட் நகரில் சவதார் குளத்தைத் தலித் மக்களுக்கும் திறந்துவிட நகராட்சி 1924இல் முடிவெடுத்தும், அவர்களால் அதில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் தலைமையில் சென்று குடித்தார்கள், தாக்கப்பட்டார்கள், குளத்துக்குத் தீட்டுக் கழிக்கப்பட்டது. உயர்நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம் வர 1937 ஆயிற்று. உத்சர்க்கத்தில் துறந்ததாகச் சொல்லப்பட்ட உடைமை, தீட்டு என்ற பெயரில் சாதியின் கையிலேயே இருந்தது.

மலேசியத் தோட்டங்களில் இக்கேள்வி வேறு உருவம் கொள்கிறது. நெகிரி செம்பிலானின் புக்கிட் பெலண்டோக் போன்ற ரப்பர், செம்பனை வட்டாரங்களில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குத் தண்ணீர் கொடுப்பது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு. ஓடையை மறித்துத் தேக்கினாலும் கிணறு வெட்டினாலும் அதன் உடைமை தோட்டத்தை விட்டு நீங்குவதில்லை. வேலை போனால் வீடும் குழாயும் சேர்ந்தே போகும். இது பூர்த்தம் ஆகாது. கூலியோடு சேர்ந்த ஏற்பாடு. மலேசியாவின் 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிச் சட்டம், தங்க வீடு தரும் முதலாளி குழாய்த் தண்ணீரை இலவசமாகவும் போதுமான அளவிலும் தர வேண்டும் என்கிறது. தோட்டத் துரையின் தயவாகக் கருதப்பட்டது சட்டத்தில் உரிமையாக நிற்கிறது.

உரிமை வந்தபின் அறத்துக்கு வேலையில்லை என்று கொள்ள இடமில்லை. கேட்டு வாங்கும் இழிவை உரிமை நீக்கியது. கரையைக் காக்கும் வேலையை அது நீக்கவில்லை. எல்லார்க்குமான தண்ணீரில் கட்டியவரும் ஊராரில் ஒருவரே என்றால், புண்ணியத்தை அவர் ஒருவர் பெயரில் மட்டும் எழுத வழியில்லை. மண் சுமந்தவருக்கும், மதகைத் திறந்து மூடுபவருக்கும், கணக்குக் காட்டும் வாரியத்தாருக்கும் அதில் பங்குண்டு. காப்பவரின் பங்கே பெரிது என்று சாசனங்கள் சொல்கின்றன. தீட்டையோ வேலையையோ காரணம் காட்டி ஒருவரைத் துறையில் தடுத்தால், அந்த நீர் இன்னும் எல்லார்க்குமாக விடப்படவில்லை. சாத்திரத்தின் அளவுகோலின்படியே அந்தப் பூர்த்தம் முடியவில்லை.