நமக்குக் கீழ் வேலை செய்பவர்கள்

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அவனுடைய தூதர் முஹம்மது (ஸல்) அவர்கள் மீது ஸலவாத்துச் சொல்லி ஆரம்பம் செய்கிறேன்.



நம்மில் பலர் கடை வைத்திருக்கிறோம், பட்டறை நடத்துகிறோம். சிலர் அலுவலகத்தில் நாலு பேருக்கு மேலதிகாரி. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கடையில் வேலை செய்யும் பையன் கணக்கில் தவறு செய்துவிட்டால், அதை உங்களிடம் வந்து சொல்வானா, மறைப்பானா?

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுவில் தவறுகள் குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் அங்கேதான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன! காரணத்தைத் தேடியபோது விஷயம் புரிந்தது. அங்கிருந்தவர்கள் தவறைப் பயமின்றி வெளியே சொன்னார்கள். பயம் ஆண்ட இடங்களில் மறைத்தார்கள். வெளியே வந்த தவறைத் திருத்தலாம். மறைத்த தவறு நோயாளியின் உயிருக்கே ஆபத்து.

சகோதரர்களே! அனஸ் (ரலி) அவர்கள் சிறுவயதில் நபியவர்களிடம் பணிவிடைக்கு வந்தார்கள். பத்து ஆண்டுகளில் ஒரு தடவைகூட 'ச்சீ' என்ற சொல்லை நபியவர்களிடம் கேட்டதில்லை என்று அவர்களே அறிவிக்கிறார்கள். ஒருநாள் ஒரு வேலையாக அனுப்பினார்கள். போன இடத்தில் சிறுவர்கள் விளையாடுவதைப் பார்த்து அனஸ் நின்றுவிட்டார். பின்னாலிருந்து ஒரு கை பிடரியைப் பிடித்தது. திரும்பினால் நபியவர்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். செல்லமாகப் பெயர் சொல்லி, சொன்ன இடத்துக்குப் போனாயா என்று கேட்டார்கள். இதோ போகிறேன் என்றார் அனஸ்.

அப்படியானால் வேலை வாங்கவே கூடாதா? வாங்கலாம். எப்படி என்பதையும் காட்டினார்கள். ஹிஜ்ரி 5-ல் அகழ் தோண்டியபோது தாங்களே மண் சுமந்தார்கள். ஹிஜ்ரி 6-ல் ஹுதைபிய்யாவில், குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுங்கள் என்று மூன்று முறை சொல்லியும், மனம் உடைந்திருந்த தோழர்கள் எழவில்லை. நபியவர்கள் அவர்களை ஏசவில்லை. உம்மு ஸலமா (ரலி) சொன்ன ஆலோசனையைக் கேட்டு, யாரிடமும் பேசாமல் முதலில் தாமே செய்தார்கள். பார்த்த தோழர்கள் அனைவரும் எழுந்தார்கள்.

வேலைக்காரரின் சக்திக்கு மீறிச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்பதும் நபியவர்களின் கட்டளைதான். வேலை செய்பவர்களே! முதலாளி பார்க்காத நேரமும் உங்களிடம் உள்ள அமானிதம்.

தொழுதுவிட்டுக் கடைக்குத்தான் போகப்போகிறீர்கள். பிடித்து வைத்திருக்கும் சம்பளம் இருந்தால் இன்றே கொடுத்துவிடுங்கள். நாலு பேர் முன்னால் ஏசியிருந்தால், அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேளுங்கள். மறுமையில் கேட்கும் நிலை வந்தால் கொடுப்பதற்கு நம்மிடம் நன்மைகளைத் தவிர வேறொன்றும் இருக்காது.

நம் பொறுப்பில் இருப்பவர்களிடம் நீதியோடும் இரக்கத்தோடும் நடக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.